நாளைக் காலை ஃபோன் ஆன் ஆகவில்லை என்றால்? இன்றைக்கே செய்து வைக்க வேண்டிய வேலைகள்

ஃபோனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்யப் போவதில்லை. அது வேண்டிய அளவு கிடைக்கிறது, அதைப் படித்துவிட்டு நாமும் ஃபோனிலேயே நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். வங்கி, டிக்கெட், அலுவலக மெயில், சிலருக்கு வீட்டுக் கதவு, மாத்திரை நேரம், குழந்தையின் முதல் படம் எல்லாம் அதற்குள் போயாகிவிட்டது, இனி வெளியே வரப்போவதுமில்லை. நம்பியிருப்பதில் தப்பில்லை. ஆனால் அது கையில் இல்லாத ஒரு நாள் கண்டிப்பாக வரும். தண்ணீரில் விழும், திருடு போகும், பேட்டரி உப்பிக்கொள்ளும், இல்லையென்றால் ராத்திரி அப்டேட் ஆரம்பித்து விடியும்போது லோகோவிலேயே நின்றுகொண்டிருக்கும். அந்த நாளுக்கான ஏற்பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், ஒரு சாயங்காலம் போதும்.

புது ஃபோன் வாங்கி லாகின் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். வரும், லாகின் செய்ய முடிந்தால். புது ஃபோனில் மெயில் பாஸ்வேர்ட் கேட்கும், அந்த பாஸ்வேர்ட், எல்லா பாஸ்வேர்டையும் சேர்த்து வைக்கும் ஆப்பான பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கும். மேனேஜரைத் திறந்தால், இது புதுக் கருவியாக இருக்கிறதே, உங்கள் மெயிலுக்கு ஒரு கோடு (code) அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லும். சரி, மெயிலுக்கே போவோம் என்றால் பழைய ஃபோனை எடுத்து ‘ஆமாம், நான்தான்’ என்று தட்டச் சொல்லும். பழையது இல்லை என்றால் எஸ்எம்எஸ் அனுப்பட்டுமா என்று கேட்கும், சிம்மோ அந்த ஃபோனோடு போய்விட்டது. மாற்று சிம் கேட்கலாம் என்று நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போனால் அங்கே உள்ளே நுழைய ஓடிபி, அதுவும் அதே எண்ணுக்கு. பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்ட கதைதான்.

இந்த வட்டத்தில் மாட்டுவது நம்மைப் போன்ற ஆட்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கிக் கிடந்தன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களுக்கு நடுவில் இருந்த தொடர்பையே அறுத்துவிட்டது. கோளாறைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் வழக்கமாக எடுக்கும் உள் கருவிகளில் பலவும் அதே வலையமைப்பை நம்பி ஓடியவை என்பதால் அவையும் கூடவே படுத்துவிட்டன, கடைசியில் ஆட்களை நேரில் அனுப்பி, அந்த இடத்தின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை எல்லாம் தாண்டி உள்ளே போகவே நேரம் பிடித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படி என்றால் நம் வட்டம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரு சின்ன ஒத்திகை

ஃபோனை சுவிட்ச் ஆஃப் செய்து வேறு அறையில் வையுங்கள். சைலன்டில் போட்டால் போதாது, கை தானாகப் போய்விடும். வீட்டில் இருக்கும் ஒரு கணினியில் பிரைவேட் விண்டோவைத் திறந்து உங்கள் முக்கியமான மெயிலுக்குள் போகப் பாருங்கள். சாதாரண விண்டோவில் செய்தால் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும், எல்லாம் சுமுகமாக இருப்பதுபோல் தெரியும். எந்த இடத்தில் நிற்கிறீர்கள், அது எதைக் கேட்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அப்புறம் பாஸ்வேர்ட் மேனேஜர், வங்கி, வேலைக்கான கணக்கு, படங்கள் இருக்கும் க்ளவுட் என்று ஒவ்வொன்றாக. நின்ற இடத்தில் தப்புத் தப்பாகத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள், கணக்கு லாக் ஆகி ஒத்திகையே நிஜமாகிவிடும். எதைக் கேட்கிறது என்று தெரிந்தவுடன் அடுத்ததற்குப் போய்விடலாம்.

எழுதி முடித்ததும் எது எதை நம்பியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு எல்லா அம்புகளும் இரண்டே இடத்தில் போய்க் குத்தும்: முக்கிய மெயில், ஃபோன் எண். இந்த இரண்டையும் ஃபோன் கையில் இல்லாமலே மீட்க முடியும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாக்கியில் முக்கால்வாசி தானாகச் சரியாகிவிடும். அதனால் இருபது கணக்குகளையும் ஒரே நாளில் சரிசெய்கிறேன் என்று உட்காராதீர்கள், பாதியில் சலித்துப்போய் எதுவுமே முடியாது.

மெயில்

கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை) போட்டிருந்தால் பேக்கப் கோடுகள் என்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், மொத்தம் பத்து கோடு தருவார்கள், ஒரு கோடு ஒரு தடவைதான் செல்லும். மற்ற பெரிய சேவைகளிலும் இதே மாதிரி ரிகவரி கோடு, ரிகவரி கீ என்று ஏதோ ஒன்று இருக்கும். அதை எடுத்துக் காகிதத்தில் அச்சடியுங்கள், அல்லது கையால் எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோனின் கேலரியில் வைப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காகிதத்தில் எழுதினால் யாராவது பார்த்துவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் மெயிலை உடைக்கப் பார்க்கிறவன் பெரும்பாலும் எங்கோ தொலைவில் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு உங்கள் பீரோ எட்டாது. வீட்டுக்குள்ளேயே நம்பிக்கை இல்லாத சூழல் என்றால் அது வேறு கதை, அப்போது காகிதம் வீட்டில் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு, எந்தக் கணக்கு என்று குறிப்பிடாமல் கோடுகளை மட்டும் எழுதி ஒரு பிரதியை முக்கியப் பத்திரங்களோடும் இன்னொன்றை வேறு வீட்டில் இருக்கும் நம்பகமான ஒருவரிடமும் வைத்தால் போதும். பாஸ்வேர்ட் மேனேஜரின் மாஸ்டர் பாஸ்வேர்டும் இதே மாதிரி ஒரு கவருக்குள் போகட்டும், ஆனால் இரண்டையும் ஒரே கவரில் போடாதீர்கள்.

லாகினுக்கான கோடைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை. முதல்நாள் க்யூஆரில் ஸ்கேன் செய்த ரகசிய எண்ணையும் ஃபோனின் கடிகாரத்தையும் வைத்து ஃபோனே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அதனால்தான் இன்டர்நெட் இல்லாதபோதும் அது வேலை செய்கிறது, கடிகாரம் தப்பாக ஓடினால் கோடும் செல்லாமல் போகிறது. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: அதே க்யூஆரை ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளில் ஸ்கேன் செய்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். டிராயரில் தூங்கும் பழைய ஃபோன் ஒன்று இருந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது, பேட்டரி ஒழுங்காக இருக்கும் வரை. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கோடு சிங்க் செய்யும் (இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருக்கும்) வசதி இருக்கிறது, உங்களிடம் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கவனம், எந்தக் கூகுள் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதோ அதே கணக்குக்குள் போவதற்கான கோடும் அந்த ஆப்பிலேயே இருந்தால் மறுபடியும் பெட்டிக்குள் சாவிதான். காகிதக் கோடுகள் இங்கேதான் கைகொடுக்கும்.

பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, முகம் அல்லது ஃபோன் லாக்கை வைத்தே நுழையும் பாஸ்கீக்கு மாறியவர்கள் அது எந்தக் கணக்கோடு சிங்க் ஆகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி மாதிரி இருக்கும், லாகினுக்குச் சாவியாகப் பயன்படும் செக்யூரிட்டி கீ வாங்குவதாக இருந்தால் இரண்டு வாங்குங்கள், இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஃபோன் எண்

முதல் கேள்வி, உங்கள் எண் யார் பெயரில் இருக்கிறது? எப்போதோ அப்பா வாங்கிக் கொடுத்தது, முன்னாள் கம்பெனி கொடுத்தது, நண்பனின் ஆவணத்தில் எடுத்தது என்று பலருக்கு வேறு பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோன் தொலையாத வரை இது ஒரு பிரச்சினையே இல்லை. தொலைந்த அன்று மாற்று சிம் வாங்க அந்த ஆள் வர வேண்டும், அந்த ஆள் வேறு நாட்டில் இருக்கலாம், பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கலாம், உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். இந்த வேலையை இந்த மாதமே முடியுங்கள்.

இரண்டாவது, சிம்முக்கு ஒரு பின் எண் (PIN) போடுங்கள். ஃபோனின் லாக் வேறு, சிம் பின் வேறு. திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும், ஸ்க்ரீன் லாக் எவ்வளவு பலமாக இருந்தும் பிரயோஜனமில்லை. சிம் பின் இருந்தால் அது நடக்காது. மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம், பூட்டைத் திறக்கும் எட்டு இலக்க பியுகே (PUK) எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் குப்பைக்குத்தான். அதனால் பின்னை ஆன் செய்யும் முன் பியுகே எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், சிம் வந்த அட்டையில் இருக்கும் அல்லது நிறுவனத்திடம் கேட்டால் சொல்வார்கள். முதல்முறை ஆன் செய்யும்போது நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் பின்னைத்தான் கேட்கும், அதைத் தெரியாமல் ஊகித்து அடிக்காதீர்கள்.

ஃபோனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈசிம் வைத்திருந்தால் யாரும் கழற்ற முடியாது என்பது நல்லது. ஃபோன் உடைந்தால் நீங்களும் கழற்றி இன்னொன்றில் போட முடியாது என்பது அதன் மறுபக்கம். உங்கள் நிறுவனம் ஈசிம்மை மாற்றித் தர என்ன கேட்கிறது என்று இப்போதே விசாரியுங்கள், பழைய எண்ணுக்கே ஓடிபி அனுப்புகிற முறையாக இருந்தால் நேரில் போகும் வழி என்ன என்றும் கேளுங்கள்.

எஸ்எம்எஸ் ஓடிபியை முடிந்த இடத்தில் எல்லாம் குறையுங்கள். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பைக் கட்டுப்படுத்தப்பட்ட முறைகளின் பட்டியலில் தள்ளிவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவன் மாற்று சிம் வாங்கிவிட்டால் எண்ணே அவன் கைக்குப் போய்விடும், அதுதான் காரணம். வங்கிகள் பலவும் வேறு வழியே தருவதில்லை, அங்கே ஒன்றும் செய்ய முடியாது, விடுங்கள். இன்னொன்று, எண்ணை மாற்றினால் பழைய எண்ணைக் கணக்குகளிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் விட்ட எண்ணைக் கொஞ்ச காலம் கழித்து நிறுவனம் வேறு யாருக்கோ கொடுத்துவிடும், உங்கள் ஓடிபி அந்தப் புண்ணியவானுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

படங்களும் செய்திகளும்

“க்ளவுடில் இருக்கிறது, கவலை இல்லை” என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: ஃபோனில் அழித்தால் அங்கேயும் அழிகிறதா? அழிகிறது என்றால் அது சிங்க். அதை பேக்கப் என்று சொல்ல முடியாது. ஃபோனை வாங்கி விளையாடிய குழந்தை ஓர் ஆல்பத்தை அழித்தால் எல்லாக் கருவியிலும் அது போய்விடும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐக்ளவுடில் 30 நாள். அதற்குள் கவனித்தால் பிழைத்தது.

பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு விதி உண்டு, பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில். நடைமுறையில் இதன் அர்த்தம், ஃபோன், க்ளவுட், அப்புறம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள், கணினிக்கு வருவது அதற்கும் வரும். சில மாதத்துக்கு ஒருமுறை செருகி, காப்பி செய்து, எடுத்து வையுங்கள். முக்கியம், காப்பி செய்ததில் பழைய படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வாட்ஸப் விஷயம் தனி. அதன் பேக்கப் ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்குக்கும் ஐஃபோனில் ஐக்ளவுடுக்கும் போகிறது, கடைசியாக எப்போது போனது என்று செட்டிங்ஸில் தேதி காட்டும், பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) போட்ட பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து அதற்கான பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்துவிட்டால் வாட்ஸப்பே நினைத்தாலும் திறந்து தர முடியாது. கணினியில் வாட்ஸப்பை இணைத்து வைத்திருந்தால் ஃபோன் செத்த பிறகும் அது ஓடும், ஆனால் முதன்மை ஃபோனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் வெளியேற்றிவிடும். சிம் கைக்கு வரும் வரை நாலு பேரிடம் விஷயத்தைச் சொல்ல அது தாராளம்.

தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் விசிஎஃப் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள், ஒரு நிமிட வேலை.

வெளியே இருக்கும்போது

வீட்டில் இருக்கும்போது ஃபோன் போனால் எரிச்சல்தான் வரும், வெளியே போனால்தான் கஷ்டம். பர்ஸில் ஒரு சீட்டு, அதில் நான்கைந்து எண்கள். வீட்டில் ஒருவர், ஒரு நண்பர், வேலையிடம், வங்கியின் கார்டு தடைசெய்யும் எண். முடிந்தால் அதில் இரண்டை மனப்பாடம் செய்யுங்கள், சின்ன வயதில் எத்தனை எண் நினைவில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கூடவே கொஞ்சம் ரொக்கம், ஃபோனை நம்பாத ஒரு கார்டு.

மேப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நினைக்கிறார்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை ஃபோன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் இடம் தெரிந்துவிடும், அதற்கு நெட்டும் வேண்டாம் சிம்மும் வேண்டாம். நெட் இருந்தால் இடத்தை வேகமாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் திறந்த வானத்தின் கீழ் சற்று நேரம் ஆகும். நெட் இல்லாதபோது காணாமல் போவது பின்னால் இருக்கும் வரைபடம்தான், அதை முன்கூட்டியே ஆஃப்லைனாக இறக்கி வைத்தால் வேலை முடிந்தது. டிக்கெட், தங்குமிட முகவரி, பாஸ்போர்ட் பக்கம் இவற்றையும் இறக்கி வையுங்கள், முகவரியைக் காகிதத்திலும் எழுதுங்கள். ஆப்பில்தானே இருக்கிறது என்று விட்டால் நுழைவாயிலில் நிற்கும்போதுதான் அது லாகின் கேட்கும்.

பவர் பேங்க் இருக்கிறது, கேபிள் இல்லை என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் காட்சி. இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வையுங்கள்.

ஃபோன் பேட்டரி முழுக்கத் தீர்ந்து மறுபடி ஆன் ஆனால் கைரேகையும் முகமும் செல்லாது, முதல்முறை பின் எண்தான் கேட்கும். எப்போதும் விரலாலேயே திறப்பவர்களுக்கு அந்த எண் சரியான நேரத்தில் மறந்துபோகும். அந்த நிலையில் ஃபோன் வந்தால் பெயர் தெரியாது, வெறும் எண்தான் தெரியும், பயந்துவிடாதீர்கள், பூட்டைத் திறந்ததும் பெயர்கள் வந்துவிடும்.

வீட்டுக்கு டிஜிட்டல் பூட்டு போட்டிருந்தால் அதன் பேட்டரி தீர்ந்தால் என்ன வழி என்று தெரிந்துகொள்ளுங்கள். பல மாடல்களில் வெளிப்பக்கம் கீழே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும், 9 வோல்ட் பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணை அடித்தால் திறக்கும். சாவித்துளை இருந்தால் அந்தச் சாவி வீட்டுக்குள் தொங்கக் கூடாது.

உங்களுக்கே ஏதாவது ஆனால்

லாக் ஸ்க்ரீனில் மருத்துவக் குறிப்பையும் அவசரத் தொடர்பு எண்ணையும் போடுங்கள். ஆண்ட்ராய்ட், ஐஃபோன் இரண்டிலும் பூட்டைத் திறக்காமலே மற்றவர்கள் அதைப் பார்க்க முடியும். ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து இவ்வளவு போதும்.

ஆள் இல்லாமல் போனால் கணக்குகள் என்ன ஆகும் என்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. கூகுளில் ‘இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’, 2013 முதலே இருக்கிறது. நீங்கள் சொல்லும் காலம் வரை கணக்கில் அசைவே இல்லை என்றால் நீங்கள் சொன்ன ஆளுக்குத் தகவல் போகும். ஆப்பிளில் ‘லெகஸி கான்டாக்ட்’, 2021 டிசம்பரில் வந்தது. இதைப் பற்றிப் பேச வீட்டில் யாருக்கும் பிடிக்காது, நீங்களே உட்கார்ந்து செய்துவிடுங்கள். கூகுள் தனிநபர் கணக்குகளை இரண்டு வருடம் தொடாவிட்டால் அழிக்கலாம் என்ற விதியும் இருக்கிறது, ரிகவரிக்காக வைத்திருக்கும் பழைய மெயிலுக்குள் அவ்வப்போது போய்வாருங்கள்.

வீட்டில் மற்றவர்களுடைய பாஸ்வேர்டெல்லாம் உங்கள் ஃபோனில் இருந்தால், உங்கள் ஃபோன் போகும் நாளில் அவர்கள் ஃபோனும் போனதாகத்தான் அர்த்தம். அம்மா அப்பாவின் கணக்குகளுக்கு அவர்களிடமே ஒரு காகிதம் இருக்கட்டும்.

தொலைந்தே விட்டால், இந்த வரிசை

பதற்றத்தில் முதலில் புது ஃபோன் பார்க்கப் போகாதீர்கள். வேறொருவர் ஃபோனிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள், யாராவது எடுக்கலாம். எடுக்காவிட்டால் கூகுளின் ஃபைன்ட் ஹப் அல்லது ஆப்பிளின் ஃபைன்ட் மை தளத்தில் தொலைந்ததாகக் குறித்துப் பூட்டுங்கள், அழிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். அப்புறம் சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் மெயிலுக்குள் போக எஸ்எம்எஸ் வேண்டியிருக்கிறது என்றால் மாற்று சிம் கேட்கும் அதே அழைப்பில் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து வங்கி, கார்டுகள். அதற்குப் பிறகு மெயிலில் நுழைந்து அந்த ஃபோனை வெளியேற்றிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். புகார் கொடுக்க ஃபோனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வேண்டும், 15 இலக்கம், *#06# என்று டயல் செய்தால் வரும், ஆனால் தொலைத்த பிறகு எதில் டயல் செய்வது? இப்போதே டயல் செய்து அந்தக் காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

சில நாள் கழித்து, ஃபோன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் லாகின் செய்து இடத்தைப் பாருங்கள் என்று செய்தி வரலாம். பெரும்பாலும் திருடியவன் பூட்டைத் திறக்க அனுப்புவது அது. அதில் எதையும் தட்டாதீர்கள், நீங்களே தளத்தின் முகவரியை அடித்துப் போய்ப் பாருங்கள். ஃபோன்தான் போய்விட்டதே என்று தொலைந்த கருவியைக் கணக்கிலிருந்து நீக்கியும் விடாதீர்கள், நீக்கினால் பூட்டும் கூடவே போய்விடும், எடுத்தவனுக்கு வேலை மிச்சம்.